சீமெந்துப் பையிலுள்ள முத்திரை

காங்கேசன்துறையின் பெயரைச் சொன்னால் மூத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சீமெந்துத் தொழிற்சாலைதான். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை, 1990இல் போரினால் நின்றுபோனது. இன்று நாம் வீடு கட்ட வாங்கும் சீமெந்து வெளியிலிருந்து வருகிறது.

பையைப் பிரித்தால் நமக்குத் தெரிவது சாம்பல் நிறத் தூள் மட்டுமே. அதன் பலத்தை அறிய, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து வார்த்த சிறு கட்டிகளை 28 நாட்கள் வைத்திருந்து நொறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்குள் நம் வீட்டுத் தூணே எழும்பிவிடும்! ஆகவே எஸ்.எல்.எஸ். முத்திரையை நம்புகிறோம். அதற்குரிய அளவுகளைத் தீர்மானிப்பவர் யார்?

தனியொரு அதிகாரி அல்லர். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய பணியகத்தின் வழிவந்த இலங்கைக் கட்டளைகள் நிறுவனம், உற்பத்தியாளர், பொறியியலாளர், ஆய்வுகூடத்தினர், பாவனையாளர் ஆகியோரை ஒரு மேசையில் அமர்த்துகிறது. அவர்கள் ஆக்கும் வரைவு, பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்படுகிறது. இதற்குக் குறைந்தது 60 நாட்களாவது அளிக்கவேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் நெறி.

இங்கே பொது இணக்கம் என்பதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். எல்லோரும் ஒரே குரலில் "ஆம்" சொல்வதல்ல அது. பெரும்பான்மை கையுயர்த்திச் சிறுபான்மையை அடக்குவதுமல்ல. உதாரணமாக, "நமது வெயிலில் இச்சீமெந்து பூசி முடிப்பதற்குள் இறுகிவிடுகிறது" என்று ஒரு தரப்பு சொல்கிறதென வைத்துக்கொள்வோம். அதை ஆராய்ந்து, இறுகத் தொடங்கும் நேரத்தை மாற்றவேண்டும். அல்லது ஏன் மாற்றவில்லை என்பதற்குக் காரணம் காட்டவேண்டும். முக்கியமான தரப்பு எதுவும் அடிப்படை விடயமொன்றில் தொடர்ந்து எதிர்த்து நிற்காத நிலையே இணக்கம். மெதுவான வழிதான். ஆனால் அவசரத்தில் எழுதிய அளவை எவரும் மதிப்பதில்லை.

ஏனெனில் கட்டளை என்ற பெயர் இருந்தாலும், இதைப் பின்பற்றுவது இயல்பில் அவரவர் விருப்பமே. சீமெந்து போன்ற சில பொருள்களுக்கு மட்டும் அரசாங்கம் பின்னர் சட்டத்தினால் அதைக் கட்டாயமாக்குகிறது.

ஒரு குறை உண்டு. கம்பனிகள் சம்பளம் கொடுத்து ஆட்களைக் கொழும்புக் கூட்டங்களுக்கு அனுப்பலாம். வீடு கட்டுபவரும் மேசனும் ஒருநாள் உழைப்பை விட்டுப் போகமுடியாது. அவர்களது மௌனம் சம்மதமாகவே கணக்கிடப்படும். ஆனால் கருத்தை எழுதி அனுப்பலாம். வரைவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் மகள் மேசனான வாப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதி அனுப்ப 60 நாட்கள் தாராளம்.