பழைய கணினிக்கு ஒரு புதுப் பாதை

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஏழெட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய கணினி இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதிலுள்ள விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல. ஓடுகிற பொருளைக் காயலான் கடைக்குப் போடவும் மனம் வராது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் லினக்ஸ்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய இயங்குதளம் யூனிக்ஸ். அதன் வழிமுறைகளைப் பின்பற்றி, 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுதி வெளியிட்டதே லினக்ஸ். இது நமக்கு அந்நியமல்ல. ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளமும் இதுவே. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடம் படிப்பதும் இதில்தான்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸுக்குப் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. விலை கிடையாது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதும்.

புதுப் பாதையைப் பயணிகளுக்குத் திறக்குமுன் வெள்ளோட்டம் விடுவது ரயில்வே வழக்கம். இங்கும் அதற்கு வசதி உண்டு. மின்ட் தளத்திலிருந்து சுமார் 3 ஜிபி கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற நிரலால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பிறகு அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் இயங்குகின்றனவா என்று இரண்டு நாள் பாருங்கள். திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் சரிபார்த்துவிடுங்கள். நிறுவும்போது வன்தட்டை முழுதாக அழித்தால் பழையது திரும்பாது.

முதல் வாரத்தில் மூன்று விஷயங்கள் புதிராகத் தோன்றும்.

ஒன்று, சி, டி என்ற பிரிவுகள் இருக்கா. ஒரே சந்திப்பு நிலையத்திலிருந்து எல்லாப் பாதைகளும் பிரிவதுபோல, எல்லாக் கோப்புறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். உங்கள் கோப்புகள் 'ஹோம்' என்பதில் இருக்கும்.

இரண்டு, எதை நிறுவினாலும் கடவுச்சொல் கேட்கும். அந்நாளில் ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். இதுவும் அத்தகைய காவலே. முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது சில லினக்ஸ் வகைகளில் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுதென்று நினைக்க வேண்டாம். தட்டி முடித்து என்டரை அழுத்துங்கள்.

மூன்று, நிரல்களைக் கண்ட தளங்களிலிருந்து இறக்க வேண்டியதில்லை. 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்ற ஒரே இடத்தில் பெரும்பாலானவை கிடைக்கும். கடிதம், கணக்குத் தாள் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபிஸ் உடன் வருகிறது.

தமிழுக்குக் குறையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலில் தமிழ்99, பழைய தட்டச்சு முறை இரண்டும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இருந்தால், விண்டோஸை நீக்குமுன் அந்த எழுத்துருக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டேலியில் கணக்கெழுதுபவர்கள், விண்டோஸை மட்டுமே ஏற்கும் இணையத் தேர்வு எழுதும் பிள்ளைகள், டிஜிட்டல் கையொப்பச் சாவி பயன்படுத்துபவர்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் தங்கள் வேலை லினக்ஸில் நடக்குமா என்று விசாரித்துக்கொள்ளட்டும். மற்றபடி இணையம், வங்கி, கடிதம், படம், ஊரிலுள்ள பெரியவர்களோடு வீடியோவில் பேசுவது ஆகியவையே வேலை என்றால், தயங்கக் காரணமில்லை. புதுக் கணினிக்கு எடுத்து வைத்த பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவட்டும்.