கவசக் கெளிறும் அதன் அடிமணலும்

நிலத்தை முதற்பொருள் என்றும் அதன்கண் வாழும் உயிர்களைக் கருப்பொருள் என்றும் வகுத்தனர் நம் பழைய இலக்கணத்தார். ஓர் உயிரை அறிய விரும்புவோர் முதற்கண் அது வாழும் நிலத்தை அறிதல் வேண்டும் என்பது அப்பாகுபாட்டினின்றும் நாம் பெறத்தக்க பாடமாகும். விலங்கியலுக்கும் இது பொருந்தும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் நீரைப்பற்றி எண்ணும் அளவிற்கு அந்நீரின் அடியிலுள்ள தரையைப்பற்றி எண்ணுவதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை அத்தரையிலேயே கழிக்கும் கெளிற்று மீன்களுக்கோ அதுவே வீடும் உண்கலமும் ஆகும். அது பழுதுபடின் மீனும் பழுதுபடும்.

இவ்வுண்மையை விளக்குதற்குக் கொறிடோராஸ் என்னும் சிறு கெளிற்றினத்தை எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவின் ஆறுகளும் ஓடைகளுமே இதன் தாயகம். பிரெஞ்சு இயற்கையியலறிஞர் லசெப்பேட் என்பார் 1803இல் இப்பெயரை இட்டார். தலைக்கவசம், மெய்க்கவசம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆயது அது. பெயருக்கேற்ப இம்மீனின் உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் எலும்புத் தகடுகள் இரு வரிசையாக அமைந்துள்ளன. பீகிள் கப்பலிற் சென்ற சாள்ஸ் டார்வின் சேகரித்த மீன்களுள் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றும் இருந்தது. அதனை லெனாட் ஜெனின்ஸ் 1842இல் விவரித்தார். 2024இல் வெளிவந்த ஆய்வொன்று இப்பேரினத்தைப் பலவாகப் பிரித்துள்ளது. எனினும், வளர்ப்போரிடையே வழங்கும் பழைய பெயரையே ஈண்டு ஆளுவோம்.

இம்மீனின் வாய் கீழ்நோக்கி அமைந்தது. வாயைச் சூழ்ந்து மென்மையான மீசைகள் உள. இவை வெறும் அணியல்ல. தொடுபுலனும் சுவைப்புலனும் ஒருங்கே அமைந்த உறுப்புகள். மங்கிய ஒளியிலும் கலங்கிய நீரிலும் இரையை இவற்றாலேயே மீன் தேடிக்கொள்ளும். முகத்தைக் கண்ணளவும் மணலிற் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, அதிலுள்ள சிறு புழுக்களை உட்கொண்டு, எஞ்சிய மணலைச் செவுள்வழியே வெளிவிடுதல் இதன் இயல்பு. இத்தொழிலுக்கு ஏற்ற தரை யாது என்பதே நம் வினா. மென்மை, ஆழக்குறைவு, தூய்மை என்னும் மூன்று குணங்களும் உடைய மணலே அதற்கு விடை.

முதலாவது மென்மை. மணிகள் உருண்டு மழமழப்பாகவும், ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத பருமனுடையனவாகவும் இருத்தல் நன்று. பருத்த பரற்கற்களை மீன் வாயிற் கொள்ளவும் இயலாது, செவுள்வழி விடவும் இயலாது. உடைத்த சல்லிக்கல்லின் கூரிய விளிம்புகளோ மீசைகளையும் வயிற்றையும் உராய்ந்து புண்ணாக்கும். அரித்தெடுத்த ஆற்று மணல் ஏற்றது. கடற்கரை மணலிற் சிப்பித் துண்டுகளும் முருகைக்கற் பொடியும் கலந்திருத்தல் கூடும். அவற்றின் விளிம்புகள் கூரியன; அன்றியும் அவை கல்சியங் காபனேற்றால் ஆயவை. ஆதலின் மென்னீரிற் கரைந்து நீரின் வன்மையைப் பெருக்கும். ஒரு பிடி மணல்மீது சில துளி வினாகிரியை விட்டுப் பார்க்க. காபனீரொட்சைட்டுக் குமிழிகள் எழுமாயின் அம்மணலை விலக்குக. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறி வருதலால் இயல்பாகவே வன்னீராகும். அவ்வன்மையைக் கூட்டத்தக்க மணலை நம்மவர் தவிர்த்தலே அறிவுடைமை.

இரண்டாவது ஆழக்குறைவு. மூன்று அல்லது நான்கு சதமமீற்றர் மணல் மீனுக்குப் போதும். நுண்மணல் ஆழமாகப் படிந்து இறுகுமாயின், அதன் அடியில் ஒட்சிசன் செல்லாது. ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியங்கள் அங்குப் பெருகும். மணல் கறுத்து, கிளறுங்கால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். அஃது ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயுவின் அறிகுறி. அவ்வப்போது விரலால் மணலை மெல்லக் கிளறிவிடுதல் இதனைத் தடுக்கும்.

மூன்றாவதாகிய தூய்மையே மூன்றனுள்ளும் தலையாயது. மீசை தேய்ந்தழிதற்குக் கூரிய கல் ஒன்றே காரணம் என்பர் பலர். கல் புண்ணையே உண்டாக்கும். அப்புண்ணை அழுகச் செய்வன தரையிற் சேர்ந்த எச்சங்களிற் பெருகும் பற்றீரியங்கள். ஆதலின் மென்மணல் இட்டும் அழுக்கை அகற்றாதவர் தொட்டியிலும் மீசை இழந்த மீன்களைக் காணலாம். வாரந்தோறும் நீரில் நாலில் ஒரு பங்கை இறப்பர்க் குழாயால் உறிஞ்சியெடுத்து, குளோரீன் நீங்கிய புதுநீரை வார்த்தல் வேண்டும். குழாயின் வாயை மணலுக்குச் சற்று மேலாகப் பிடித்தால், அழுக்கு மேலெழும், மணல் தங்கிவிடும். ஆயின், மணல் முழுவதையும் ஒரே நாளில் வெளியே எடுத்துக் கழுவுதல் தவறு. மீன் வெளிவிடும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் நன்மை பயக்கும் பற்றீரியங்களும் அம்மணலில் வாழ்கின்றன அன்றோ?

இம்மீன் தொட்டியைத் துப்புரவு செய்யும் பணியாள் என்றொரு தவறான எண்ணம் உண்டு. ஏனைய மீன்களின் மிச்சிலையும் கழிவையும் உண்டு இது வாழும் என நம்பி, இதற்கெனத் தனியுணவு இடாதோர் பலர். கழிவை இது உண்பதில்லை. மிதக்கும் உணவை மேலுள்ள மீன்கள் கவர்ந்துகொள்ள, கீழுள்ள கெளிறு பட்டினியால் மெலியும். அடியிற் சென்று தங்கும் உணவை, விளக்கணைக்கும் வேளையில், சிறிது சிறிதாக இடுதல் முறை. கூட்டமாக வாழும் இயல்பினவாதலால் ஆறு மீன்களேனும் ஒருங்கு வைத்தல் வேண்டும்.

மீனின் நடத்தையிலிருந்தே தரையின் நிலையை அறியலாம். இடையிடையே நீர்மட்டத்துக்கு விரைந்து காற்றை விழுங்கி, அதன் ஒட்சிசனைப் பின்குடலால் உறிஞ்சுதல் இதற்கு இயல்பே. அது அடிக்கடி நிகழுமாயின் நீரில் ஒட்சிசன் குறைந்ததென ஐயுறுக. மீசை குறுகினும் வயிறு சிவப்பினும், மருந்தைத் தேடுமுன் மணலைச் சோதிக்க. மீசையின் அடி அழியாதிருப்பின், தூய தரையில் அது மீண்டும் வளர்தல் கூடும்.

ஆற்றில் வாழும் மீன் ஓரிடம் தீதாயின் வேறிடம் நாடும். தொட்டியில் வாழும் மீனுக்கோ நாம் அமைத்த நிலமன்றி வேறு நிலமில்லை. ஆதலின், மீனை வாங்குமுன் மணலை ஆராய்தல் அதனை வளர்க்க எண்ணுவோர்க்குரிய முதற் கடமையாகும்.