முரண்பாடு தீர்த்தல்: வயரிங் வேலை பிழைத்தால் என்ன செய்வது?

மாணவர்களே, முரண்பாடு தீர்த்தல் பற்றிய வினாவுக்கு வரைவிலக்கணம் மட்டும் எழுதினால் போதாது. படிமுறைகளையும் எழுத வேண்டும். அவற்றை ஓர் உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்வோம்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு புதிய வீடு என வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் வேலை முடிந்து, பேசிய காசில் பெரும்பகுதியும் கொடுத்தாயிற்று. குடிபுகுந்த மறுநாள் அம்மா குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டதும் கரண்ட் அடிக்கிறது. எர்த் வயர் பொருத்தப்படவில்லை. “மிச்சக் காசைத் தாங்க, பிறகு வந்து பாக்கிறன்” என்கிறார் வேலை செய்தவர். “முதல்ல திருத்தித் தாங்க, பிறகு காசு” என்கிறார் அப்பா. இதுவே பிணக்கு.

எல்லாவற்றுக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். 230 வோல்ற் மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. பின்னர் பின்வரும் படிமுறைகளைப் பின்பற்றலாம்.

1. பேச்சுவார்த்தை: தகைமையுள்ள வேறொரு மின் வேலையாளரைக் கொண்டு சோதித்து, குறைகளை எழுத்தில் பெற வேண்டும். பற்றுச்சீட்டு, புகைப்படம் ஆகியவற்றுடன் அமைதியாகப் பேசி, திருத்தித் தரும் திகதியை எழுதிக்கொள்ள வேண்டும்.

2. முறைப்பாடு: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் உரியது. சேவை உரிய கவனத்துடனும் திறனுடனும் வழங்கப்பட வேண்டும். சேவை பெற்று 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். “பார்ப்பம், பார்ப்பம்” என்று நாட்கடத்தினால் இவ்வாய்ப்பு கைநழுவிவிடும்.

3. மத்தியஸ்த சபை: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. இதனை இணக்கசபை என்றும் அழைப்பர். இங்கு சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதில்லை. மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் கேட்டு, இணக்கத்துக்கு உதவுவர். உதாரணமாக, ஒரு கிழமைக்குள் எர்த் வயர் பொருத்துவது, சோதித்த பின் மிச்சக் காசைக் கொடுப்பது என இருவரும் உடன்படலாம்.

4. நீதிமன்றம்: இணக்கம் ஏற்படாவிடின், அதற்கான சான்றிதழைப் பெற்று வழக்குத் தொடரலாம்.

கவனிக்க: “மத்தியஸ்த சபை தீர்ப்பு வழங்கும்” எனப் பல மாணவர்கள் எழுதுகின்றனர். இது பிழை. தீர்ப்பு வழங்குவது நீதிமன்றம். மத்தியஸ்த சபையில் முடிவு இரு தரப்பினரின் சம்மதத்தால் வருவது. ஒரே ஊரில் நாளையும் முகம் பார்க்க வேண்டியவர்கள் பகையின்றிப் பிரிவதே அதன் சிறப்பு.

பயிற்சி வினா: மேற்படி பிணக்கில் அப்பா சேகரிக்க வேண்டிய சான்றுகள் மூன்றினைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்வாறு உதவும் என விளக்குக.