தழும்புக்கு ஒரு வருஷம் கொடுங்கள்

"தழும்பு விழாமல் செய்ய முடியுமா, அக்கா?" மார்பகக் குறைப்பு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வருகிற பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். வலியைப் பற்றி அப்புறம்தான் கேட்கிறார்கள். வேலூரை அடுத்த அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறிப் போய், நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர்களுக்கு மார்பின் பாரம் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோளில் பிரா பட்டை பதிந்து பதிந்து விழுந்த பள்ளம், கழுத்துவலி, கோடை முடியும்வரை மார்புக்கு அடியில் ஆறாத வேர்வைப்புண். இவ்வளவையும் சுமந்தவள் பாரத்தைக் குறைத்துக்கொள்ள நினைத்தால் அதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை. டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேளுங்கள், பதில் கொஞ்சம் நீளம்.

தழும்பு விழத்தான் செய்யும். அது மெல்லிய கோடாக அடங்குமா, தடித்துப் புடைக்குமா என்பதில்தான் நம் கை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் வேலை பார்த்தவர் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிறவர், அந்த ஆடு என்றைக்கோ முள்வேலியில் கீறிக்கொண்ட இடத்தை விரலால் தடவியே சொல்லிவிடுவார். மற்ற இடமெல்லாம் மயிர்க்கால்களின் நுண்துளைகள் தெரியும். கீறல் ஆறிய கோட்டில் மட்டும் துளையே இருக்காது, வழவழவென்றிருக்கும். அந்தத் தோலும் நம் தோலும் கொலாஜன் என்ற ஒரே புரத இழையால் ஆனவைதான். பிறவித் தோலில் அதன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கூடை முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கின்றன. வெட்டுப்பட்டால் உடம்புக்கு முதலில் வாசலை அடைத்தாக வேண்டும். பின்ன நேரமில்லாமல் இழைகளை ஒரே திசையில் அடுக்கி மூடிவிடுகிறது. சென்னையில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், காலணித் தோலோடு நிற்காமல் தீக்காயத்துக்கான கொலாஜன் கட்டுகளையும் உருவாக்கியதற்கு, ஆடுமாடுகளுக்கும் நமக்கும் பொதுவான இந்தக் கொலாஜன்தான் வழிவிட்டது.

இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் மூன்று வெட்டுகள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாக ஒன்று, அங்கிருந்து நேர்கீழே ஒன்று, மார்புக்கு அடியில் மடிப்போடு மடிப்பாக ஒன்று. குறைக்க வேண்டிய அளவு கொஞ்சமென்றால் அடிமடிப்பு வெட்டைத் தவிர்க்கிறவர்களும் உண்டு. நேர்கோடும் மடிப்புக்கோடும் சந்திக்கிற முனை இருக்கிறதே, அதை மறக்காதீர்கள். எல்லா இழுப்பும் வந்து சேருவது அங்கேதான், தையல் விட்டுப்போனால் பெரும்பாலும் விட்டுப்போவதும் அங்கேதான்.

தழும்பை அகலமாக்குவதும் புடைக்க வைப்பதும் முக்கியமாக இந்த இழுப்புதான். ஒரு வாரக் காயத்துக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதம் வந்துவிடும், அதற்குமேல் என்றைக்கும் ஏறாது. வெளியே பார்த்தால் இரண்டு வாரத்திலேயே ஆறியதுபோலத் தெரியும். நம் பெண்கள் ஏமாந்துபோவது அங்கேதான். பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பத்து கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கி இடுப்பில் வைப்பதும், பரணில் இருக்கிற பாத்திரத்தை எட்டி எடுப்பதும் நேராக அந்தத் தையலை இழுக்கிற வேலைகள். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு அவை வேண்டாம். கம்பி வைக்காத, முன்பக்கம் கொக்கியுள்ள, அழுத்திப் பிடிக்கிற பிராவை டாக்டர் சொல்லும்வரை ராத்திரியும் கழற்றாதீர்கள். இதெல்லாம் அந்தப் பெண்ணைவிட அவள் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரிய வேண்டியவை. தண்ணீரை வேறு யாராவது தூக்கினால்தானே அவள் தூக்காமல் இருக்க முடியும்?

புண் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்தபிறகு, ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில், சிலிகான் ஷீட்டோ சிலிகான் ஜெல்லோ தொடங்கலாம். 1980-களின் தொடக்கத்தில் தீக்காயத் தழும்புகளுக்கென்று புழக்கத்துக்கு வந்தது இது. தழும்பின் ஈரம் காய்ந்துபோகாமல் காப்பதால் அது அடங்குகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஷீட் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மணி நேரம், மூன்று மாதமாவது ஒட்டியிருக்க வேண்டும். வேலூர் வெயிலில் அது லேசில்லை, அடியில் வேர்க்குரு போட்டுவிடும். முதலில் நாலு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள், தினமும் ஷீட்டைக் கழுவி, தோலையும் காயவிட்டு ஒட்டுங்கள். மே மாதத்தில் முடியவே முடியாதென்றால் ஜெல்லுக்கு மாறுங்கள். கையில் காசில்லாதவர்களுக்கு, தழும்பின் மேலேயே நீளவாக்கில் ஒட்டுகிற சாதாரண பேப்பர் டேப்கூட இழுப்பைக் குறைத்து நல்ல பலன் தரும். விலை உயர்ந்த களிம்புகளைவிட அந்த டேப்பின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். வைட்டமின் ஈ எண்ணெயை மயாமியில் 15 பேரிடம் சோதித்து 1999-ல் வெளியிட்டார்கள். தழும்புக்கு நன்மை எதுவும் இல்லை, மூன்றில் ஒருவருக்கு அரிப்பும் தடிப்பும் வந்ததுதான் மிச்சம். மஞ்சள், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் எதையும் ஆறாத புண்ணில் வைக்காதீர்கள்.

ஒத்தடமும் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு காம்பிலும் அடிப்பகுதியிலும் பல மாதம் உணர்ச்சி மரத்துக் கிடக்கும், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்துக் கண்டுசொன்னது இதற்கும் பொருந்தும். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழவில்லை. சூடும் வெட்டும் உறைக்காததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் தேய்ந்தன. உறைக்காத தோலில் வெந்நீர்ப் பையை வைத்தால் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று முட்டையையும் மீனையும் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புதுத் தோல் நெய்ய உடம்புக்கு வேண்டியதே அதுதான். நெல்லிக்காயும் கொய்யாவும் சேர்த்துக்கொள்ளுங்கள், வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் உருவாகாது. 1740-களில் உலகைச் சுற்றிவந்த ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் பயணக் குறிப்பில் ஒரு மாலுமி வருகிறார். காய்கறியும் பழமும் இல்லாத கடலில், வைட்டமின் சி குறைவால் வருகிற ஸ்கர்வி நோய் கண்டு, ஐம்பது வருஷத்துக்கு முன் போரில் பட்டு ஆறிய அவருடைய காயம் திரும்பத் திறந்துகொண்டதாம். சர்க்கரை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் வந்தாக வேண்டும். புகையிலையை, வெற்றிலையோடு வைக்கிற துண்டு உட்பட, குறைந்தது நாலு வாரம் முன்னாலேயே விட வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிட்டால் காம்புக்கே ரத்தம் போய்ச் சேராது.

காது குத்திய இடத்தில் உங்களுக்குக் கட்டிபோல் வளர்ந்ததுண்டா? இடது தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு புடைத்திருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நம்மைப்போல் கருத்த தோலில் கீலாய்டு அதிகம், நடுநெஞ்சு அதற்குப் பேர்போன இடம். தெரிந்தால் மடிப்பு வெட்டை நெஞ்சு நடுவுக்குப் போகாமல் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். வெட்டின் எல்லைக்குள்ளேயே புடைப்பது சாதாரணத் தடிப்பு, காலப்போக்கில் அடங்கும். எல்லை தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவுவதுதான் கீலாய்டு. அதற்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சின்னதாக இருக்கும்போதே போனால் சீக்கிரம் கேட்கும்.

மூன்றாவது மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. தழும்பு சிவந்து, கெட்டியாகி, அரிக்கிற காலம் அது, அதைவிட மோசமாகப் பெரும்பாலும் போகாது. பிறகு மெல்ல வெளுத்து இளகும். ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் பிடிக்கும். நடுவில் பயந்துபோய்க் கண்டதைத் தேய்க்காதீர்கள். டாக்டர் சரி என்றபிறகு விரல் நுனியால் அழுத்தி வட்டமாக நீவிக்கொடுங்கள், போதும்.

முதல் நாட்களில் காம்பு கருத்தாலோ, ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சலும் நாற்றமுள்ள சீழும் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் பார்க்கட்டும் என்று கேளுங்கள். நேர்கோடும் மடிப்புக்கோடும் சந்திக்கிற அந்த முனையில் தையல் கொஞ்சம் விட்டுப்போனால் மட்டும் பதற வேண்டாம். டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்டுவந்தால் சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அங்கே தழும்பு அகலமாக நின்றுவிட்டால், வருஷம் கழித்து அந்த இடத்தை மட்டும் மரக்க ஊசி போட்டுத் திருத்தித் தைத்துக்கொள்ளலாம்.