கூடி எழுதும் கூத்து

பிறனொருவனாக நின்று பேசிப் பார்க்கும் விருப்பம் மக்கட்கு இயல்பாக அமைந்தது. கடற்கரை மணலில் ஓடம் செலுத்தி விளையாடும் சிறாரிடத்தும், விடியுமளவும் அரங்கில் அரசனாக ஆடும் முதியோரிடத்தும் காணப்படுவது இவ்விருப்பமே. இதனை எழுத்தின் வாயிலாக நிறைவு செய்யும் பொழுதுபோக்கு ஒன்று உளது. நண்பர் சிலர் கூடி ஒரு கதைக்களத்தை வகுத்துக்கொள்வர். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பின்னர் முறைவைத்துத் தத்தம் பாத்திரத்தின் சொல்லையும் செயலையும் எழுதிச் செல்வர். கதை யாங்ஙனம் முடியும் என்பது எவர்க்கும் முன்னரே தெரியாது. அவ்வறியாமையே இவ்விளையாட்டின் இன்பத்துக்கு ஊற்றாகும்.

தமிழ் மரபுக்கு இது முற்றிலும் புதிதன்று. அகப்பாடல்களிற் புலவன் தன் பெயராற் பேசுவதில்லை. தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ நின்றே பேசுகின்றான். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார் என்னும் ஐவர், திணைக்கு நூறாக ஐந்நூறு பாடல்களை யாத்தனர். அவர்கள் ஒருவர்க்கொருவர் மறுமொழியாகப் பாடினாரல்லர். எனினும், அனைவர்க்கும் பொதுவான ஓர் உலகும், அவ்வுலகில் யார் யாது பேசலாம் என்னும் வரையறையும் அவர்கள்பால் இருந்தன. கூடி எழுதுதற்கு இவ்விரண்டுமே அடிப்படை.

மன்னார்ப் பகுதியில் இவ்வுணர்வு கூத்தாக வளர்ந்தது. திருக்கேதீச்சரம் திகழும் மாதோட்ட நிலத்திலும் மன்னார்த் தீவிலுமுள்ள கத்தோலிக்க ஊர்கள் வடபாங்கு, தென்பாங்கு என்னும் இருவகை நாடகங்களையும் வாசகப்பாவையும் பேணி வந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த 'என்றிக் எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்' முதலியன இவ்வட்டாரப் புலமைக்குச் சான்றாவன. இவற்றை ஆடியோர் கூத்தையே தொழிலாகக் கொண்டவரல்லர்; மீன் பிடிப்போரும் வயல் உழுவோருமே அண்ணாவியாரிடம் பாடம் கேட்டு ஆடினர். குழந்தை இயேசுவைத் தேடிவரும் மூவரசருள் ஒருவராக ஆடுதல் பெருமைதான். ஆயின், ஏரோது மன்னனாக நிற்கவும் ஒருவன் வேண்டும். அவன் அக்கொடியோனின் சொல்லை உளங்கொண்டு உரையாவிடின் கதை நிலைபெறாது. தனக்கு ஒவ்வாத உள்ளத்தினுட் புகுந்து பேசும் இப்பயிற்சியே கூத்துக்கும் எழுத்து விளையாட்டுக்கும் பொதுவாயது.

வேறுபாடும் ஒன்றுண்டு. கூத்தில் ஆடுவோன் உரைக்கும் சொற்கள் புலவனால் முன்னரே அமைக்கப்பட்டவை. எழுத்து விளையாட்டிலோ ஆடுவோனே புலவன். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் புரொன்டே குடும்பம். 1826ஆம் ஆண்டில் தந்தையார் மகனுக்கு மரப்போர்வீரர் பொம்மைகளை வாங்கிவந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு வீரனைத் தெரிந்து பெயரிட்டனர். அப்பொழுது சார்லட்டுக்கு வயது பத்து. அவ்விளையாட்டிலிருந்தே சார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்கிரியா என்னும் கற்பனை நாட்டையும், எமிலியும் ஆனும் கோண்டால் என்னும் நாட்டையும் எழுதி வளர்த்தனர். 1847இல் வெளிவந்த 'ஜேன் அயர்', 'வதரிங் ஹைற்ஸ்' ஆகிய நாவல்களின் ஆசிரியர்க்கு முதற் பயிற்சிக்களம் அவ்விளையாட்டே.

இவ்விளையாட்டின் தலையாய விதியை மன்னார்க் கடலைக்கொண்டே விளக்கலாம். ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்கென அரிப்பில் மாளிகை எழுப்பிய 1801–1804 காலப்பகுதியை நண்பர் நால்வர் களமாகக் கொண்டனர் என்க. ஒருவர் தோணிக்குரிய சம்மாட்டி, ஒருவர் முத்துக்குளிப்போன், ஒருவர் தோணியிலிருந்து கயிறு பிடிப்போன், மற்றவர், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி. கடலடியில் நிழலொன்று அசையக் கண்ட குளிப்போன் கயிற்றை அசைக்கின்றான். அவனை எழுதுபவர் அவ்விடத்தே நிறுத்துதல் வேண்டும். 'உடனே கயிறு இழுக்கப்பட்டது' என அவரே எழுதிவிடின் ஆட்டம் அங்கேயே மடிந்துவிடும். இழுப்பதோ தயங்குவதோ கயிறு பிடிப்போனுக்குரியது. சம்மாட்டியின் பேராசை குறுக்கிடுமா, கடற்கட்டி தன் மந்திரத்தைத் தானே ஐயுறுவானா என்பனவெல்லாம் பிறர் கையில் உள்ளன. தன் முறை வரும்வரை எழுதியவர் மூச்சடக்கியவாறே காத்திருக்கின்றார்.

பிறன் பாத்திரத்தின் சொல்லைத் தான் எழுதாமை என்னும் இவ்விதி சிறியதாகத் தோன்றினும் பெரும்பயன் உடையது. தனியே கதை எழுதுவோன் எல்லாப் பாத்திரங்களையும் தன் கருத்துக்கு இசைய வளைத்துவிடலாம். கூடி எழுதுவோனுக்கு அவ்வுரிமை இல்லை. எதிர்நிற்போன் எதிர்பாராத விடை தருவான். அவ்விடையை ஏற்றே மேற்செல்லல் வேண்டும். களம், காலம், கதையிற் புகவொண்ணாப் பொருள்கள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தலும், ஒருவரே மிகுதியாக எழுதி ஏனையோரை மறைத்துவிடாமையும் நல்லாட்டத்துக்கு வேண்டுவன.

மன்னாரை நோக்குமிடத்து இப்பயிற்சியின் தேவை மேலும் புலனாகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் அவருள் அடங்குவர். போரினால் இந்துக்களும் கத்தோலிக்கரும் ஊரிழந்து இந்தியாவுக்கும் மேலைநாடுகளுக்கும் சென்றனர். அவ்வாண்டு நின்ற தலைமன்னார்ப் புகைவண்டி 2015இலேயே மீண்டும் அங்குச் சென்றது. கூத்துக்கு ஊர் ஓரிடத்திற் கூடல் வேண்டும். சிதறியோர்க்கு அஃது எளிதன்று. எழுத்தோ கடல் கடந்தும் செல்லும். புத்தளத்தில் வளர்ந்த ஒருவரும் பேசாலையில் வாழும் ஒருவரும் கனடாவிலுள்ள ஒருவரும் ஒரே தோணியில் ஏறி அரிப்புக் கடலுக்குச் செல்ல எழுத்து இடந்தரும்.

ஆதலின், மாணவர் தம் ஓய்வுப்பொழுதில் மூவர் நால்வராகக் கூடி இவ்விளையாட்டைத் தொடங்குதல் நன்று. அதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் தம் முறைவரும்வரை காக்கும் பொறுமையுமே. மாற்றார் உள்ளத்துள் நின்று பேசிப் பழகியோரும், மாற்றார் விடையை அவர் வாயிலிருந்தே கேட்கக் காத்திருந்தோரும், நாளை ஒரே ஊரிற் கூடி வாழுதற்கும் தகுதியுடையோராவர்.