கழிவுநீரைத் தூய்மையாக்கும் பாசியும் பற்றீரியாவும்

கண்டி வாவியின் மிகை நீரும் நகர்ப்புறக் கழிவுநீரும் மெத எல வழியே சென்று மகாவலி கங்கையிற் சேர்கின்றன. சுற்றுப்புறக் கிராமங்களில் மாட்டுத் தொழுவங் கழுவிய நீரும் பெரும்பாலும் அருகிலுள்ள ஓடையையே அடைகின்றது. இந்நீரிற் பயிருக்கு வேண்டிய நைதரசனும் பொசுபரசும் உள, நோய்க்கிருமிகளும் உள. முன்னையவற்றைப் பயிருக்களித்துப் பின்னையவற்றைக் குறைப்பதற்குக் குளமுறை ஏற்றதாகும்.

செயற்படும் விதம்

கழிவிலுள்ள சேதனப் பொருள்களைப் பற்றீரியாக்கள் சிதைக்கின்றன. இதற்கு ஒட்சிசன் வேண்டும். அது தீர்ந்தால் நீர் நாற்றமெடுக்கும். சிதைவின்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு, அமோனியா, பொசுபேற்று ஆகியவற்றைப் பாசி உட்கொண்டு, வெயிலின் துணையால் வளர்ந்து, ஒட்சிசனை நீரில் விடுகின்றது. இவ்வாறு ஒன்று கழிப்பதை மற்றொன்று உண்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து வில்லியம் ஒசுவால்ட் என்பார் 1950களில் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்தார். கன்னொறுவையிலுள்ள கண்டி நகரச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒட்சிசனை ஊட்டுவதற்கு மின்னியந்திரங்கள் தேவைப்படுகின்றன. குளத்திலோ அப்பணியைச் சூரிய ஒளியே செய்கின்றது.

குளம் அமைத்தல்

1. சாணத்தை முன்னரே வாரிக் கூட்டெருக் குழியிலிடுக. கலங்கிய நீரில் ஒளி புகாது.
2. முதற் குளம் 4 முதல் 5 அடி ஆழமும், அடுத்தது 3 அடி ஆழமும் உடையனவாயிருத்தல் நன்று. மரநிழல் விழலாகாது.
3. நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர் முனைகளில் அமைதல் வேண்டும்.
4. நீர் குறைந்தது 10 நாட்களேனும் தங்குதல் வேண்டும். அப்போது புழு முட்டைகள் அடியிற் படியும். வெயிலும், பாசியால் நண்பகலில் மிகும் காரத்தன்மையும் கிருமிகளைக் கொல்லும்.
5. மழைக்காலத்து முகில் மூட்டத்தில் பாசியின் வேலை தளரும். அந்நாட்களில் குளத்திற் சேர்க்கும் கழிவைக் குறைத்திடுக.
6. குடிநீர்க் கிணற்றுக்கு அண்மையிற் குளம் வெட்டலாகாது.

மலைச்சரிவுகள் மிகுந்த இப்பகுதியில் நகருக்கு வேண்டிய பெருங்குளங்களுக்குச் சமநிலம் கிடைத்தல் அரிது. எனினும் சிறு பண்ணைக்கு இம்முறை பொருந்தும்.

முக்கிய எச்சரிக்கை

பாசி நைதரசனையும் பொசுபரசையும் அழிப்பதில்லை. தன் உடலிற் சேமித்து வைக்கின்றது. பச்சை நீரை ஓடையில் விடின், பாசி இறந்து அழுகுங்கால் ஒட்சிசன் குன்றி மீன்கள் மடியும். அடுத்த நீர்நிலையிலும் பாசி பெருகும். போசணை மிகுந்த கண்டி வாவியில் 1999 ஆம் ஆண்டு மைக்கிரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அவ்வினம் நஞ்சு சுரக்கவல்லது. ஆதலால் குளத்து நீர் ஓடைக்கன்றி வயலுக்கே செல்லல் வேண்டும்.

பச்சை நிறம் தூய்மைக்குச் சான்றன்று. பச்சையாக உண்ணும் மரக்கறிகளுக்குப் பாய்ச்சும் நீரின் 100 மில்லிலீற்றரில் மலக்கோலிவடிவப் பற்றீரியாக்கள் 1,000க்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வரையறுத்தது. பரிசோதிக்கப்படாத நீரைச் சலாதுக்கும் கீரைக்கும் பாய்ச்சாது, தீவனப்புல்லுக்கும் மரப்பயிர்களுக்கும் பயன்படுத்துதலே கமக்காரருக்கும் உண்போருக்கும் நலமாகும்.