வெள்ளத் தடுப்புக் கோடிகள் காலனித் தெருவை எட்டுகின்றனவா?

ஜவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாறாக இறங்குகிறது. செங்கம், போளூர் வழியாக ஓடி, பழையசீவரம் அருகே பாலாற்றில் கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்த ஆறு சென்னைக்குள் நுழைவதில்லை. அப்படியிருக்க, சென்னை வெள்ளத்தைப் பற்றி மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ஏன் பேச வேண்டும்?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் நம் பக்கத்து ஊர்களில் இருந்து போனவர்கள் அந்த நகரத்தின் தாழ்வான தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். இரண்டாவது, அங்கே செலவாகும் பணம் பொதுப்பணம். ஜமுனாமரத்தூர் கடையில் சோப்பு வாங்குகிறவரும் வரி கட்டுகிறார். அரசு வாங்கும் கடன் அந்த வரிப்பணத்தில்தான் அடைக்கப்படுகிறது.

எவ்வளவு பணம்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை மழைநீர் வடிகாலுக்குப் பெரும் தொகைகள் ஒதுக்கப்பட்டன. வடசென்னையின் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுடன் ரூ.3,220 கோடி திட்டம். தெற்கே கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கேஎப்டபிள்யூ வங்கிக் கடனுடன் ரூ.1,714 கோடி திட்டம். அடையாறு, கூவம் பகுதிகளுக்கு உலக வங்கி உதவி. நகர வெள்ளத்தைத் தடுக்க 15-வது நிதிக்குழு ஏழு பெருநகரங்களுக்கு ரூ.2,500 கோடி பரிந்துரைத்தது. அதில் சென்னையின் பங்கு ரூ.500 கோடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாக்கிய வாரத்தில், ரூ.561.29 கோடியில் சென்னை வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

நகரத்தைக் காக்கப் பணம் செலவழிப்பதில் தவறில்லை. அந்தப் பணத்தால் யாருடைய வீடு காப்பாற்றப்படுகிறது, யாருடைய வீடு இடிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கரையில் இருந்து சதுப்புக்கு

2015 வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை குறிப்பிட்டது. ஏரிகள், சதுப்பு நிலங்கள், நீர்வழிகள் மீது நகரம் வளர்ந்ததன் விலை அது. ஆனால் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்றதும் முதலில் அகற்றப்பட்டவை அடையாறு, கூவம் கரையோரக் குடிசைகள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். அவர்களில் பலர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. மழைநீர் இயல்பாக வந்து தங்கும் இடம் அது. வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளம் வரும் இடத்திலேயே குடிவைத்தார்கள். அடைமழைக் காலங்களில் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி குடியிருப்புகளில் தண்ணீர் தேங்கியது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அதே சதுப்புப் பகுதியில் எழுந்த பெரிய நிறுவனக் கட்டடங்களை யாரும் பெயர்த்து அனுப்பவில்லை. வெள்ளம் வடிந்தபின் சேற்றையும் குப்பையையும் அள்ள, 2015-ல் மற்ற மாவட்டங்களில் இருந்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் சென்னைக்கு அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் எந்தச் சமூகத்தினர் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில்

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் மாண்டார்கள். அன்றிரவு தொடங்கி சாத்தனூர் அணையில் இருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை போனது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. முதற்கட்டமாக ரூ.2,000 கோடி வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் வழக்கமான பங்காக ரூ.944.80 கோடி வந்தது.

அப்போது அறிவிக்கப்பட்ட நிவாரணத்தைப் பாருங்கள். இறவை நெல் பயிர் மூழ்கினால் ஹெக்டேருக்கு ரூ.17,000. அது நிலம் வைத்திருப்பவருக்குப் போகும். அதே வயலில் நடவுக்கும் அறுவடைக்கும் போகிற காலனிப் பெண் இழந்த கூலிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பட்டா யாரிடம் இருக்கிறதோ அவருக்கே இழப்பு உண்டு என்று சட்டம் கருதினால், நிலமற்ற தலித் குடும்பத்துக்கு வெள்ளத்தில் ஒன்றும் போகவில்லை என்றே பொருளாகும்.

இரண்டு பைகள்

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேரிடர் பணம் இரண்டு பைகளில் இருக்கிறது. 15-வது நிதிக்குழு, மாநிலங்களின் பேரிடர் தொகையில் 80 விழுக்காட்டை நிவாரணம், மீட்பு, மறுசீரமைப்புக்கும் 20 விழுக்காட்டை முன்கூட்டியே பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கும் பிரித்தது. வெள்ளம் வந்தபின் வரும் ஆயிரம், இரண்டாயிரத்தை மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். வாய்க்கால் தூர்வாருவது, கரை உயர்த்துவது, தாழ்வான தெருவை மேடாக்குவது எல்லாம் இரண்டாவது பையைச் சேர்ந்தவை. அதைக் கேட்க வெள்ளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு சட்டமும் கையில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கான சட்டத்தை 2024 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. எல்லோருக்குமான செலவில் ஒரு பங்கை 'தலித்துகளுக்குச் செய்தோம்' என்று கணக்கில் எழுதிக்கொள்வது துணைத்திட்டக் காலத்தில் இருந்தே தொடரும் குறை. மழைநீர் வடிகாலையும் அப்படி எழுதிவிட முடியும். வடிகால் காலனி வரை வந்ததா என்பதைத் தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. நம் ஊராட்சியில் எந்தத் தெரு முதலில் மூழ்குகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? ஊர்த்தெருவின் தண்ணீர் காலனிப் பக்கம் திருப்பிவிடப்படுகிறதா? மலைக் கிராமம் என்றால், ஓடையில் வெள்ளம் வரும் நாளில் பாலம் இல்லாமல் துண்டிக்கப்படும் குடியிருப்புகள் எவை? புறம்போக்கில் இருப்பவர்களுக்கு மேடான இடத்தில் மனைப்பட்டா எப்போது? இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் ஊரில் தண்ணீர் தேங்கும் இடங்களை வரைபடமாகக் குறித்தாலே, அடுத்த கிராம சபைக்கு அது வலுவான ஆவணம். ஐப்பசி பிறக்கும் முன் அந்தத் தாள் தயாராகட்டும்.